காட்டைப் பொதுவாக்கிய வேட்டைக்காரர்

வல்வில் ஓரியை அறியாத தமிழ் மாணவர் இலர். கொல்லிமலைத் தலைவனாகிய அவன் விட்ட ஓர் அம்பு யானையை வீழ்த்திற்று, புலியைத் துளைத்தது, மானை உருட்டிற்று, பன்றியைச் சாய்த்தது, இறுதியில் புற்றில் கிடந்த உடும்பின் உடலிற் சென்று தங்கிற்று. புறநானூற்றுப் புலவர் அவனுக்குத் தீட்டிய ஓவியம் இது. வேட்டுவனின் புகழ் அவன் வீழ்த்தியவற்றால் அளக்கப்பட்ட காலம் அது. கடலுக்கு அப்பால், நமக்கு அண்மைக் காலத்தில் வாழ்ந்த வேட்டைக்காரர் ஒருவரை இங்கே காண்போம். அவரும் துப்பாக்கியை விரும்பிச் சுமந்தவர். அவர் வீழ்த்திய விலங்குகளும் பல. ஆயினும் இன்று உலகம் அவரை நினைப்பது, பிறரும் தாமும் வீழ்த்தாதபடி அவர் காத்து வைத்தவற்றிற்காகவே. அவர்தாம் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் 26-ஆம் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்.

அவர் வரலாற்றினுள் புகுமுன், அவர் விட்டுச்சென்ற காட்டைச் சிறிது எட்டிப் பார்ப்போம். ஆண்டுதோறும் அக்டோபர், நவம்பர்த் திங்கள்களில் ராக்கி மலைச் சாரல்களில் ரைபிள் வேட்டைப் பருவம் நடைபெறுகிறது. விடியலுக்கு முன்னரே, பனி படிந்த கூடாரங்களிலிருந்து ஆடவரும் பெண்டிரும் துப்பாக்கியோடு புறப்படுகின்றனர். ஒருவரையொருவர் விலங்கென்று எண்ணிச் சுட்டுவிடாதிருக்கக் கண்ணைப் பறிக்கும் செம்மஞ்சள் நிற மேலாடை அணிகின்றனர். அவர்களுள் தச்சர் உண்டு. பள்ளி ஆசிரியர் உண்டு. நம்மைப் போன்ற மாணவரும் உண்டு. அவர்கள் தேடிச் செல்வது எல்க் என்னும் பெரிய மானை. அது நம் மலைகளில் வாழும் மிளாவினும் பெரியது. காசுமீரத்து ஹங்குல் மானுக்கு நெருங்கிய உறவு. அக்காலத்தில் இலங்கை மலைகளில் வேட்டையாடிய ஆங்கிலேயர் மிளாவையே எல்க் என்று அழைத்தனர். பெயர் ஒன்றாயினும் விலங்கு வேறு. அமெரிக்க எல்க் கலை 300 கிலோவுக்கு மேலும் எடை நிற்கும். அதன் கிளைக்கொம்புகள் ஆண்டுதோறும் உதிர்ந்து மீண்டும் முளைக்கும்.

இவ்வேட்டைக்குச் சட்டதிட்டங்கள் பல. உரிமச்சீட்டு இன்றிச் சுடலாகாது. பருவம் முடிந்தபின் சுடலாகாது. சுட்ட விலங்கின் இறைச்சியை விற்கலாகாது. காட்டிலே அழுக விட்டு வரவும் ஆகாது. நான்கைந்து நாள் மலையேறி இறங்கி வெறுங்கையோடு வீடு திரும்புவோரே மிகுதி. அவர்கள் நடக்கும் மலையோ எந்தச் செல்வருக்கும் சொந்தமன்று. அது தேசியக் காடு. நாட்டு மக்கள் அனைவரின் பொதுச் சொத்து.

ஐரோப்பாவிலே நல்ல வேட்டைக்காடுகள் மன்னருக்கும் பிரபுக்களுக்கும் உரியனவாய் இருந்தன. அங்கே முயலைப் பிடித்த ஏழை சிறைக்குச் சென்றான். நம் நாட்டிலும் மகாராசாக்களின் வேட்டைக்காடுகளுக்குள் குடிகள் நுழைய இயலாது. அமெரிக்காவிலே மட்டும் காடு எவ்வாறு பொதுவாயிற்று? அவ்வரலாற்றின் பெரும் பகுதி இந்த ஒருவரின் வாழ்க்கையோடு பின்னிக் கிடக்கிறது.

நோயாளிச் சிறுவர்

ரூஸ்வெல்ட் 1858-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் நாள் நியூயார்க் நகரில் செல்வக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். செல்வம் இருந்தது; மூச்சு இல்லை. ஈளை நோய் இரவுதோறும் அவரை வாட்டியது. படுத்துறங்க இயலாமல் சாய்ந்து அமர்ந்தவாறே பல இரவுகளைக் கழித்தார். அறிவு இருந்தும் உடல் துணை செய்யாவிடில் பயனில்லை என்று தந்தை அறிவுறுத்தினார். அன்று முதல் சிறுவர் உடற்பயிற்சியைத் தவம்போல் மேற்கொண்டார், குத்துச்சண்டையும் பயின்றார்.

அவருக்கு மற்றொரு பித்தும் இருந்தது. கடைத்தெருவில் கிடந்த சீல் என்னும் கடல்விலங்கு ஒன்றின் மண்டையோட்டைப் பெற்று, அதைக் கொண்டு வீட்டிலேயே ஓர் அருங்காட்சியகம் தொடங்கினார். எலி, பறவை, பூச்சி எல்லாம் அதில் இடம் பெற்றன. இறந்த விலங்குகளைப் பாடம் செய்யும் கலையை ஜான் பெல் என்பவரிடம் கற்றார். பறவை ஓவியர் ஆடுபானுடன் பயணம் செய்தவர் அந்த ஆசிரியர். பதின்மூன்றாம் வயதில் முதல் துப்பாக்கி கைக்கு வந்தது. தோழர் கண்டு சுடும் பறவைகள் தம் கண்ணுக்கு மட்டும் தெரியாததை அப்போதுதான் அவர் உணர்ந்தார். கிட்டப்பார்வைக்குக் கண்ணாடி அணிந்த பிறகே உலகம் தெளிவாயிற்று. உயிர்களை அறியும் ஆசையும் அவற்றைச் சுடும் ஆசையும் அவரிடம் ஒன்றாகவே வளர்ந்தன. இறுதிவரை இவ்விரண்டையும் அவர் பிரித்துப் பார்த்ததில்லை.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1880-இல் பட்டம் பெற்றார். அவ்வாண்டே ஆலிஸ் லீ என்னும் பெண்ணை மணந்தார். 1882-இல் நியூயார்க் மாநிலச் சட்டமன்றத்தில் அமர்ந்தபோது அவருக்கு வயது 23.

தக்கோட்டாவில்

1883 செப்டம்பரில் ரூஸ்வெல்ட் மேற்கே தக்கோட்டா நிலப்பகுதிக்குப் புறப்பட்டார். பைசன் எனப்படும் காட்டெருமை ஒன்றைச் சுட வேண்டும் என்பதே நோக்கம். அந்த விலங்கு அழிந்துகொண்டிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். அழியுமுன் ஒன்றையேனும் வீழ்த்திவிட வேண்டும் என்ற அவாவே அவரை அங்கே இழுத்தது. பிற்காலத்தில் பைசனைக் காக்க முன்னின்றவர் முதன்முதலில் சென்றது இந்த எண்ணத்தோடுதான்.

நாள்தோறும் மழை பெய்தது. சேறும் குளிருமாய் நாள்கள் கழிந்தன. வழிகாட்டியாகச் சென்ற ஜோ பெரிஸ் களைத்துப் போனார். கண்ணாடி அணிந்த நகரத்து இளைஞரோ களைக்கவில்லை. பல நாள் அலைந்த பின்னர் ஒரு பைசன் வீழ்ந்தது. ரூஸ்வெல்ட் அதைச் சுற்றித் துள்ளி ஆடினார். அந்த ஆண்டிலேயே வடபுலத்துப் பெரும் பைசன் மந்தை ஏறத்தாழ முற்றும் ஒழிந்தது. கோடிக்கணக்கில் திரிந்த விலங்கு, தோலுக்காகச் சுடப்பட்டு, ஒரு தலைமுறைக்குள் வெறும் எலும்புக் குவியலாயிற்று.

அடுத்த ஆண்டு பிப்ரவரி 14-ஆம் நாள் அவர் வாழ்வில் இடி விழுந்தது. ஒரே நாளில், ஒரே வீட்டில், தாயும் மனைவியும் இறந்தனர். மனைவி ஒரு பெண் மகவைப் பெற்று இரண்டு நாளே ஆகியிருந்தது. குழந்தையைத் தமக்கையிடம் ஒப்படைத்துவிட்டு, துயரத்தைச் சுமந்துகொண்டு அவர் மீண்டும் தக்கோட்டா சென்றார். மாட்டுப்பண்ணை நடத்தி அங்கேயே வாழ முற்பட்டார்.

பூட்டிய கொம்புகள்

லிட்டில் மிசூரி ஆற்றங்கரையில், மெடோரா என்னும் ஊருக்கு வடக்கே 35 மைல் தொலைவில், அவர் தம் வீட்டுக்கு இடம் தேர்ந்தார். அவ்விடத்தில் இரண்டு எல்க் மண்டையோடுகள் கிடந்தன. இரு கலைகளும் இணைசேரும் பருவத்தில் பொருதபோது கொம்புகள் ஒன்றோடொன்று பூட்டிக்கொண்டன. பிரிக்க இயலாமல் இரண்டும் பட்டினியால் அங்கேயே மாண்டன. அதனால் பண்ணைக்கு எல்க் கொம்பு என்று பொருள்படும் எல்க்ஹார்ன் என்ற பெயரையே இட்டார். அங்கு கொம்புகள் கிடந்தனவேயன்றி, உயிரோடு எல்க் காண்பது அரிதாகிவிட்டது. ஆற்றங்கரைக் காடுகளில் முன்னர்க் கூட்டங்கூட்டமாய் மேய்ந்த விலங்கு வேட்டையால் அருகிப் போயிற்று. தம் வீட்டின் பெயரே மறைந்துபோன ஒன்றின் பெயராய் இருப்பதை ரூஸ்வெல்ட் நாள்தோறும் கண்டார்.

எல்க்கை உயிரோடு காண அவர் 1884-இல் வயோமிங்கிலுள்ள பிக்ஹார்ன் மலைகளுக்குச் சென்றார். அப்பயணத்தில் எல்க் கலைகளும் பெரிய கிரிஸ்லி கரடியும் அவர் துப்பாக்கிக்கு இரையாயின. அப்போது வேட்டைக்குப் பருவம் என்பதும் அளவு என்பதும் நடைமுறையில் இல்லை. கண்டதைச் சுடலாம், சுட்டதை விட்டுச் செல்லலாம். சந்தைக்கு இறைச்சி விற்போர் வண்டி வண்டியாய்க் கொன்று குவித்தனர். எல்க்கின் வாயில் தந்தம் போன்ற பற்கள் இரண்டு உண்டு. கடிகாரச் சங்கிலியில் தொங்கவிடும் அணிக்காக அவ்விரு பற்களை மட்டும் பிடுங்கிக்கொண்டு, மலைபோன்ற உடலை நரிகளுக்கு விட்டுச் சென்றவரும் உண்டு. ஒரு காலத்தில் வட அமெரிக்காவில் ஒரு கோடி எல்க் வாழ்ந்திருக்கலாம் என மதிப்பிடுவர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவற்றின் தொகை ஒரு லட்சத்திற்கும் கீழே இறங்கியது.

1885-இல் ரூஸ்வெல்ட் தம் வேட்டை அனுபவங்களை நூலாக வெளியிட்டார். ஜார்ஜ் பேர்ட் கிரின்னல் என்னும் இதழாசிரியர் அந்நூலுக்கு மதிப்புரை எழுதினார். பாராட்டோடு குறையும் சுட்டினார்: இளைய ஆசிரியர் கேட்ட கதைகளை எல்லாம் நம்பிவிட்டார் என்பது அக்குறையின் சாரம். ரூஸ்வெல்ட் நேரே அவர் அலுவலகத்துக்குச் சென்றார். சண்டைக்குச் சென்றவர் போல் நுழைந்து, நண்பராய் வெளிவந்தார். மேற்குப் புலத்தை நெடுநாள் அறிந்த கிரின்னல், விலங்குகள் எவ்வேகத்தில் அழிகின்றன என்பதை அவருக்கு விளக்கினார்.

1886-87 குளிர்காலம் எஞ்சிய பாடத்தைக் கற்பித்தது. அளவுக்கு மீறி மாடுகளை ஏற்றியதால் புல்வெளி முன்னரே தேய்ந்திருந்தது. அதன்மேல் கடும்பனி இறங்கியது. மாடுகள் ஆயிரக்கணக்கில் விறைத்து மடிந்தன. ரூஸ்வெல்ட் தம் மந்தையில் பாதிக்கு மேல் இழந்தார். நிலத்திற்கும் ஒரு பொறுக்கும் எல்லை உண்டு என்பதை அவர் ஏட்டில் படிக்கவில்லை. தம் பணத்தை இழந்து கற்றார்.

நேர்மையான வேட்டை

1887 டிசம்பரில் நியூயார்க்கில் சில நண்பர்களை அவர் விருந்துக்கு அழைத்தார். அங்கே உருவானதுதான் பூன் அண்டு கிராக்கெட் கழகம். ரூஸ்வெல்ட் அதன் முதல் தலைவர். கிரின்னல் உடன் நின்றார். அமெரிக்கப் பெருவிலங்கு ஒன்றையேனும் ரைபிளால் நேர்மையான முறையில் வேட்டையாடியவரே அதில் உறுப்பினராகலாம். நேர்மையான முறை என்பது யாது? பொறி வைத்துக் கொல்லலாகாது. இரவில் விளக்கொளி காட்டி மயக்கிச் சுடலாகாது. ஆழ்பனியில் கால் புதைந்து தவிக்கும் எல்க்கைத் துரத்திக் கொல்லலாகாது. நீந்தும் விலங்கைப் படகிலிருந்து சுடலாகாது. விலங்குக்குத் தப்பிச் செல்ல ஒரு வழி இருக்க வேண்டும். அவ்வழியை அடைத்துவிட்டுக் கொல்வது வேட்டையன்று, கொலையே என்பது அக்கழகத்தின் கொள்கை.

இன்று எல்க் வேட்டைப் பருவத்தில் காணும் பல கட்டுப்பாடுகளுக்கு இவ்வெண்ணமே வித்து. செல்வர் கழகத்தின் மரபாய் இருந்தது, காலப்போக்கில் மாநிலங்களின் சட்டமாயிற்று. கழகத்தார் விருந்தோடு நிற்கவில்லை. யெல்லோஸ்டோன் பூங்காவிற்குள் இருப்புப்பாதை போட முயன்றோரை எதிர்த்தனர். 1894-இல் அப்பூங்காவில் திருட்டு வேட்டைக்காரன் ஒருவன் எஞ்சியிருந்த பைசன்களைக் கொன்றபோது பிடிபட்டான். அவனைத் தண்டிக்கச் சட்டமே இல்லை என்பது வெளிப்பட்டது. கிரின்னலின் இதழ் அதனை நாடறியச் செய்தது. சில வாரங்களில் காப்புச் சட்டம் நிறைவேறியது.

இதற்கிடையே ரூஸ்வெல்ட் வேட்டையையும் விடவில்லை. 1891 செப்டம்பரில் யெல்லோஸ்டோனுக்குத் தெற்கே இருகடற் கணவாய் எனப் பொருள்படும் டூ ஓஷன் பாஸ் என்னும் இடத்திற்கு எல்க் வேட்டைக்குச் சென்றார். அங்கே ஒரே ஓடை இரண்டாய்ப் பிரிகிறது. ஒரு கிளையின் நீர் அட்லாண்டிக் கடலையும் மறு கிளையின் நீர் பசிபிக் கடலையும் சென்று சேர்கிறது. அது இணைசேரும் பருவம். காதலுக்கும் போருக்கும் ஒருசேர அறைகூவும் எல்க் கலையின் குரல், குழலோசை போல் எழுந்து உறுமலாய் முடியும். அக்குரலைத் தொடர்ந்தே வேட்டுவர் மலைகளில் நடந்தனர். இவ்வனுபவத்தை 1893-இல் வெளியான தம் நூலில் அவர் சுவைபட விரித்துரைத்தார். அந்தக் கணவாய் இன்று பிரிட்ஜர்-டீட்டன் தேசியக் காட்டினுள் அடங்கியது. இன்றும் அங்கே எல்க் குரல் கேட்கிறது. பருவத்தில் வேட்டுவரும் செல்கின்றனர்.

வெள்ளை மாளிகையில்

ரூஸ்வெல்ட்டின் அரசியல் ஏற்றத்தை இங்கே விரிக்கின் பெருகும். 1898-இல் கியூபாவில் ஸ்பெயினுக்கு எதிராகப் போரிட்டார். நியூயார்க் மாநில ஆளுநரானார். 1901-இல் துணைக் குடியரசுத் தலைவரானார். அவ்வாண்டு செப்டம்பரில் குடியரசுத் தலைவர் மக்கின்லி சுடப்பட்டார். அவர் நிலை மோசமானது என்னும் செய்தி வந்தபோது ரூஸ்வெல்ட் அடிராண்டாக் மலையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். 42-ஆம் வயதில் அவர் தலைமைப் பதவி ஏற்றார். அதற்கு முன்னும் பின்னும் அவ்வளவு இளவயதில் எவரும் அப்பதவிக்கு வந்ததில்லை.

1902 நவம்பரில் மிசிசிப்பி மாநிலத்தில் கரடி வேட்டைக்குச் சென்றார். முன்னாளில் அடிமையாய் இருந்து, வேட்டையில் பெரும்புகழ் பெற்ற ஹோல்ட் காலியர் வழிகாட்டினார். தலைவர் சுடட்டும் என்று காலியர் ஒரு கரடியைப் பிடித்து மரத்தில் கட்டி வைத்தார். கட்டுண்ட விலங்கைச் சுட ரூஸ்வெல்ட் மறுத்தார். ஆனால் கதை அங்கே முடியவில்லை. காயமுற்ற அக்கரடியின் துன்பம் தீர அதைக் கத்தியால் கொல்லுமாறு கூறினார். கேலிச்சித்திரக்காரர் பெரிமன் முதற்பகுதியை மட்டும் வரைந்தார். உலகக் குழந்தைகளுக்கு டெடி கரடிப் பொம்மை கிடைத்தது.

ஆனால் பொம்மையினும் பெரிய கொடை வேறு. 1891-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, பொது நிலத்தில் காடுகளை ஒதுக்கும் அதிகாரத்தைக் குடியரசுத் தலைவருக்கு அளித்திருந்தது. முன்னவர்கள் அதனைச் சிக்கனமாகப் பயன்படுத்தினர். ரூஸ்வெல்ட் வாரி வழங்கினார். 1903-இல் புளோரிடாவின் பெலிக்கன் தீவைப் பறவைகளின் புகலிடமாக்கினார். 1905-இல் காடுகளைக் கிபர்ட் பின்ஷோவின் தலைமையில் வனப்பணித் துறையிடம் ஒப்படைத்தார். பூங்காவில் வேட்டை கூடாது. அங்கே விலங்கு பெருகட்டும். பெருகி வெளியே வரும் விலங்கைத் தேசியக் காட்டில், பருவத்தில், அளவோடு எவரும் வேட்டையாடலாம். இதுவே அவர் கண்ட திட்டம். அவரும் அதற்குக் கட்டுப்பட்டார். 1903-இல் யெல்லோஸ்டோனில் இரண்டு வாரம் எல்க் மந்தைகளிடையே திரிந்தவர், அங்கிருந்து எடுத்து வந்தது தொப்பியால் பிடித்த ஒரு சுண்டெலியை மட்டுமே, அதுவும் ஆய்வுக்காக.

மரவணிகரும் மேய்ச்சல் முதலாளிகளும் சும்மா இருப்பரோ? 1907-இல் செனட் சபையில், மேற்கு மாநிலங்கள் ஆறில் காங்கிரசின் ஒப்புதலின்றிப் புதிய காடுகளை ஒதுக்கலாகாது என்னும் விதியைச் செலவு மசோதா ஒன்றில் சேர்த்துவிட்டனர். மசோதாவை மறுத்தால் அரசுப்பணி நின்றுவிடும். கையொப்பமிடச் சில நாள்களே இருந்தன. பின்ஷோவும் அவர் அலுவலரும் இரவு பகலாய் வரைபடங்களை விரித்துக் கோடு கிழித்தனர். ரூஸ்வெல்ட் பிரகடனங்களில் ஒவ்வொன்றாய்க் கையொப்பமிட்டு, அவ்வாறு மாநிலங்களில் 1 கோடியே 60 லட்சம் ஏக்கரைக் காடாக்கிய பிறகே மசோதாவில் கையொப்பமிட்டார். எதிரிகள் சினந்தனர், சட்டப்படி ஒன்றும் செய்ய இயலவில்லை. எனினும் மக்கள் மன்றத்தின் கருத்தை ஒரு தனி மனிதர் இவ்வாறு முந்திக்கொள்ளலாமா என்ற கேள்வி நியாயமானதே. அவரை வியப்போரும் இக்கேள்வியை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பதவி முடிய இரண்டு நாள் இருக்கையில், 1909 மார்ச் 2-ஆம் நாள், வாஷிங்டன் மாநிலத்தில் ஒலிம்பஸ் மலையைச் சூழ்ந்த 6 லட்சம் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தார். அம்மழைக்காடுகளில் வாழ்வது எல்க்கின் ஒரு தனி வகை. விலங்கியலார் மெரியம் 1897-இல் அதற்கு ரூஸ்வெல்ட்டின் பெயரையே சூட்டியிருந்தார். மரத்தின்மேல் ஆசை கொண்டோர் நெருக்கியதால் 1915-இல் அக்காப்பு நிலத்தில் ஏறத்தாழப் பாதி பறிக்கப்பட்டது. 1938-இல் அது ஒலிம்பிக் தேசியப் பூங்காவாக உயர்ந்தது.

ஏழரை ஆண்டு ஆட்சியில் அவர் காத்துத் தந்த நிலம் சுமார் 23 கோடி ஏக்கர். இன்றைய தமிழ்நாட்டைப் போல் ஏழு மடங்கு!

கணக்கின் மறுபுறம்

பெரியோரைப் போற்றும்போது குறையை மறைப்பது வரலாறு ஆகாது. பதவி நீங்கியதும் 1909-இல் மகன் கெர்மிட்டுடன் ஆப்பிரிக்கா சென்றார். அருங்காட்சியகத்திற்காக என்று சொல்லப்பட்ட அப்பயணத்தில் இருவரும் சுட்ட விலங்குகள் 512. அவற்றால் அறிவியலுக்கு நன்மை விளைந்தது உண்மையே. எனினும் அந்த எண் இன்றும் நெஞ்சை உறுத்துகிறது.

அதனினும் பெரிய குறை வேறொன்று. பொது நிலம் என்று அவர் அறிவித்த மலைகள் ஆளற்ற மலைகள் அல்ல. பல்லாயிரம் ஆண்டுகளாக எல்க்கை வேட்டையாடி வாழ்ந்த பழங்குடியினரின் தாயகம் அவை. அவர்களைப் பற்றி இளமையில் ரூஸ்வெல்ட் எழுதியவை இரக்கமற்றவை. பைசனைக் காக்க 1908-இல் மொன்டானாவில் ஒதுக்கிய நிலமும் பழங்குடியினரின் ஒதுக்கிடத்திலிருந்து அவர்தம் இசைவின்றி எடுக்கப்பட்டதே. 2020-இல்தான் அது அவர்களிடம் திரும்பியது.

ரூஸ்வெல்ட் எல்க் சுட்ட பிக்ஹார்ன் மலைகளிலேயே நம் காலத்தில் ஒரு வழக்கு எழுந்தது. 2014-இல் குரோ இனத்தார் ஒருவர் பிக்ஹார்ன் தேசியக் காட்டில், பருவம் அல்லாத காலத்தில், எல்க் வேட்டையாடினார். வயோமிங் மாநிலம் அவரைத் தண்டித்தது. 1868-ஆம் ஆண்டு உடன்படிக்கை தம் இனத்தார்க்கு வேட்டையுரிமை தந்தது என்று அவர் வாதிட்டார். மாநிலம் பிறந்ததாலோ தேசியக் காடு அமைந்ததாலோ அவ்வுரிமை அற்றுப்போகவில்லை என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் ஐவர் ஒருபுறம், நால்வர் மறுபுறம். பொது என்ற சொல்லுக்குள் யார் யார் அடங்குவர் என்ற வினா நூறாண்டு கடந்தும் உயிரோடிருக்கிறது.

நமக்கும் இது புறம்பான செய்தி அன்று. ரூஸ்வெல்ட்டின் கழகத்திற்குப் பத்தாண்டு முன்பே, 1877-இல், நம் நீலகிரியில் வேட்டைக்காரர் கூடி விலங்குகளைக் காக்கச் சங்கம் அமைத்தனர். 1879-இல் அதற்கென்று சட்டமும் வந்தது. ஆனால் அமைத்தவர் ஆங்கிலேயர். அம்மலையின் தொல்குடிகளைக் கேட்டுச் செய்தாரல்லர். மைசூர் மன்னரின் பந்திப்பூரும், பரத்பூர் மன்னரின் பறவை ஏரியும், செய்ப்பூர் மன்னரின் ரந்தம்பூரும் வேட்டைக்காடுகளாய் இருந்து காப்பகங்களாய் மாறியவை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் நம் நாட்டில் வேட்டையை நிறுத்தியது. 2006-இல்தான் காடுவாழ் மக்களின் உரிமைக்குச் சட்டம் பிறந்தது. அமெரிக்கர் அளவோடு சுட்டுக் காத்தனர். நாம் சுடாமற் காக்க முற்பட்டோம். வழி வேறு, காடு யாருக்கு என்னும் வினா ஒன்றே.

இறுதி நாள்கள்

1912-இல் மீண்டும் தலைமைப் பதவிக்குப் போட்டியிட்டார். மில்வாக்கி நகரில் ஒருவன் அவரை மார்பில் சுட்டான். சட்டைப்பையில் மடித்திருந்த உரைத்தாளும் கண்ணாடிக் கூடும் குண்டின் வேகத்தைத் தடுத்தன. குண்டைச் சுமந்தவாறே மேடையேறிப் பேசி முடித்த பிறகே மருத்துவமனைக்குச் சென்றார். தேர்தலில் தோற்றார். பிரேசில் காட்டில் பெயரறியா ஆறு ஒன்றின் வழியே சென்று நோயால் சாவின் விளிம்பைத் தொட்டு மீண்டார். 1918-இல் இளைய மகன் குவென்டின் உலகப் போரில் வானூர்தியோடு வீழ்ந்து மாண்டார். அத்துயரம் தந்தையின் உரத்தை உறிஞ்சியது. 1919 சனவரி 6-ஆம் நாள், ஆயிஸ்டர் பே என்னும் ஊரில் தம் இல்லத்தில், உறக்கத்திலேயே ரூஸ்வெல்ட் உயிர் நீத்தார். அவருக்கு வயது 60.

இன்று வட அமெரிக்காவில் எல்க்கின் தொகை பத்து லட்சத்தை எட்டியுள்ளதாகக் கணக்கிடுகின்றனர். அது ஒருவரால் ஆனதன்று. 1937-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ரைபிளுக்கும் தோட்டாவுக்கும் விதிக்கப்படும் நூற்றுக்குப் பதினொரு பங்கு வரி விலங்குகளை மீட்கச் செலவிடப்படுகிறது. உரிமச்சீட்டின் கட்டணமும் அப்பணிக்கே செல்கிறது. வெறுங்கையோடு வீடு திரும்பும் வேட்டுவரும் காட்டுக்கு ஏதோ கொடுத்துவிட்டே செல்கின்றனர்.

எல்க்ஹார்ன் பண்ணை இருந்த இடம் இன்று ரூஸ்வெல்ட்டின் பெயர் தாங்கிய தேசியப் பூங்காவின் ஒரு பகுதி. அந்த வட்டாரத்தில் அற்றுப்போன எல்க்கை 1985-இல் வேறிடத்திலிருந்து கொணர்ந்து அப்பூங்காவில் விட்டனர். அவை பெருகின, மேய்ச்சல் தாங்காத அளவுக்குப் பெருகின. 2010-இல் தேர்ந்த தொண்டர்களை வரவழைத்து, அலுவலர் மேற்பார்வையில், ரைபிளால் தொகையைக் குறைக்க வேண்டியதாயிற்று. பூட்டிய கொம்புகள் இரண்டு மட்டும் கிடந்த அந்த ஆற்றுப்புலத்தில், இவை போதும் என்று எண்ணிக் குறைக்கும் அளவுக்கு இன்று உயிருள்ள கொம்புகள் திரிகின்றன. அந்தத் தொல்லையை ரூஸ்வெல்ட் கண்டிருந்தால் மகிழ்ந்தே இருப்பார்.